ஏரிக்கரையில் ஓர் ஓடுபாதை: மெக்ஸ் ஃபீல்டில் இறங்கிய நாட்கள்

தொண்ணூறுகளில் கல்லூரி கம்ப்யூட்டர் லேபிலோ நண்பர் வீட்டிலோ மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரை ஓட்டிப் பார்த்தவர்கள் மெக்ஸ் ஃபீல்டைப் பார்த்திருப்பார்கள். பலருக்குப் பெயர்தான் தெரிந்திருக்காது. மென்பொருளைத் திறந்ததும் ஓடுபாதையின் தெற்கு முனையில் செஸ்னா என்ற சின்ன விமானம் ஒன்று வடக்கு நோக்கி நிற்கும். வலது பக்கம் முழுக்கத் தண்ணீர். இடது முன்பக்கம் உயரக் கட்டடங்கள். 1982இல் வந்த முதல் பதிப்பு தொடங்கி சுமார் இருபது ஆண்டுகள் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் திரையில் பறக்கத் தொடங்கிய இடம் அதுதான்.

அது யாரோ வரைந்த கற்பனை இடம் இல்லை. சிகாகோ நகர மையத்தை ஒட்டி, மிச்சிகன் ஏரிக்கரையில், 1948 டிசம்பர் முதல் 2003 மார்ச் வரை இயங்கிய நிஜ விமான நிலையம். சிகாகோவின் வடக்குப் புறநகரில் குடியிருந்த காலத்தில், பால்வாக்கி நிலையத்தில் செஸ்னா 172 வாடகைக்கு எடுத்து நான் அங்கே அடிக்கடி போய் இறங்கியிருக்கிறேன். என் பறக்கும் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் தந்த ஓடுபாதை வேறு இல்லை. அவ்வளவு கற்றுக்கொடுத்ததும் வேறு இல்லை. இப்போது புதிதாக லைசென்ஸ் வாங்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஓடுபாதை போய்விட்டது, அங்கே கற்றது இன்னும் செல்லும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெக்ஸ் இருந்த நார்தர்லி ஐலண்ட், மண் கொட்டி உண்டாக்கிய நிலம். 1909இல் டேனியல் பர்னம் சிகாகோவுக்குப் போட்டுக் கொடுத்த நகரத் திட்டத்தில் கரையோரம் வரிசையாகச் செயற்கைத் தீவுகள் இருந்தன. அவற்றில் கட்டி முடித்தது இது ஒன்றைத்தான். 1933, 34ஆம் ஆண்டுகளின் உலகக் கண்காட்சி இங்கே நடந்தது. அப்புறம் விமான நிலையம் வந்தது. பத்திரிகை அதிபரும், நகரத்துக்கு விமான நிலையம் வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவருமான மெரில் மெக்ஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒரே ஓடுபாதை, வடக்கு தெற்காக, சுமார் 3,900 அடி நீளம். ஐம்பதுகளின் நடுவில், ஒற்றை ஓடுபாதை உள்ள நிலையங்களில் அமெரிக்காவிலேயே அதிகப் போக்குவரத்து இங்கேதான்.

வடக்கே ஆட்லர் கோளரங்கம். மேற்கே படகுகள் கட்டிக் கிடக்கும் பர்னம் ஹார்பர், அதைத் தாண்டி சோல்ஜர் ஃபீல்ட் கால்பந்து அரங்கம். தெற்கே மக்கார்மிக் பிளேஸ் கண்காட்சி மையம். கிழக்கே ஏரியைத் தவிர எதுவும் இல்லை. சிகாகோவின் பெரிய விமான நிலையமான ஓஹேரில் இறங்கினால் நகர மையத்துக்கு வந்து சேர டாக்ஸியில் ஒரு மணி நேரம் போய்விடும். மெக்ஸில் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு வெளியே வந்தால் நீங்கள் ஏற்கெனவே நகரத்துக்குள் இருப்பீர்கள்.

போகும் வழி பாதி சுகம். பால்வாக்கியிலிருந்து கிழக்கே கிளம்பினால் சில நிமிடங்களில் வில்மெட்டில் உள்ள பஹாய் ஆலயத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். எந்த மப்பான நாளிலும் அது கண்ணில் படும். அங்கே வலது பக்கம் திரும்பிக் கரையைப் பிடித்தால், தெற்கே நேராக மெக்ஸ்தான். ஓஹேரின் கட்டுப்பாட்டு வான்பரப்பு தலைக்கு மேலேயே தொடங்கிவிடும் என்பதால், கடல்மட்டத்திலிருந்து 2,000 அடி வாக்கில் தாழப் பறப்போம். எவன்ஸ்டன் பல்கலைக்கழக வளாகம் போகும், பெல்மான்ட் படகுத்துறை போகும், அப்புறம் ஹான்காக் கட்டடம் வரும். அதன் ஆன்டெனா நுனியும் நம் விமானமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். சியர்ஸ் டவரின் மொட்டைமாடியும் அப்படித்தான். அண்ணாந்து பார்த்தே பழகிய கட்டடங்களை, கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டே போவது என்பது வேறு விஷயம். அந்த ஐந்தாறு நிமிடத்துக்காகவே நாள் முழுக்க வேலை பார்க்கலாம்.

ஆனால் ஆபத்தும் அந்த அழகில்தான். என் இன்ஸ்ட்ரக்டர் முதல் தடவை கூட்டிப்போனபோதே ஒரு விதி போட்டார். ஏரிக்குள் நீண்டிருக்கும் நேவி பியர் என்ற துறைமேடை வருவதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். வானிலை அறிவிப்பைக் கேட்டு எழுதிக்கொள்வது, கட்டுப்பாட்டு டவரை ரேடியோவில் கூப்பிடுவது, இறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்புகள், மிக்ஸ்சர் (எரிபொருள், காற்றுக் கலவை), கார்புரேட்டர் ஹீட் (கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடாக்குவது) எல்லாம். நேவி பியரைத் தாண்டியபின் ஸ்டியரிங், வேகம், ஓடுபாதை மூன்றைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது. ஏனென்றால் அந்த இடத்தில் நகரம் கண்ணைப் பிடுங்கும். கூடவே கரையோரம் சுற்றிப் பார்க்க வந்த ஹெலிகாப்டர்களும், நம்மைப் போலவே வேடிக்கை பார்க்கும் மற்ற சின்ன விமானங்களும் எதிரே வரும். இந்த விதியை நான் எல்லா இடத்துக்கும் எடுத்துப் போனேன். புதிய நிலையம் எதற்குப் போனாலும் வரைபடத்தில் ஒரு அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, 'இதற்கு முன்னால் எல்லாம் முடிய வேண்டும்' என்று வைத்துக்கொள்வேன். செய்து பாருங்கள், கடைசி மூன்று மைல் எவ்வளவு நிதானமாகிறது என்று தெரியும்.

தெற்குக் காற்று அடித்தால் வடக்கிலிருந்து நேராக வந்து இறங்கலாம். கோளரங்கத்தின் பச்சைக் குவிமாடம் மூக்குக்குக் கீழே நழுவும், உடனே ஓடுபாதை. வடக்குக் காற்று என்றால் ஏரியின் மேல் தெற்கே போய், மக்கார்மிக் பிளேஸ் பக்கம் திரும்பி வர வேண்டும். இரண்டிலும் கடைசி வரை கீழே தண்ணீர்தான். மரம் இல்லை, வீடு இல்லை, வயல் இல்லை. அதனால் உயரத்தை அளக்க மனத்துக்கு எதுவும் சிக்காது. ஏரி அசைவில்லாமல் இருக்கும் நாளில் இது ரொம்ப மோசம். தாழ இருக்கும்போதே உயரமாக இருப்பதுபோலத் தோன்றும். அங்கே தண்ணீரைப் பார்க்கவே கூடாது. ஓடுபாதை முனையில் எழுதியிருக்கும் எண்ணுக்குச் சற்று அப்பால் ஒரு புள்ளியைப் பிடித்து, அது கண்ணாடியில் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் வைத்திருக்க வேண்டும். வேகம் காட்டும் முள்ளும் அந்தப் புள்ளியும், மாறி மாறி.

3,900 அடி செஸ்னா 172க்குத் தாராளம். ஆனாலும் இரண்டு பக்க நுனியிலும் தண்ணீர் தெரிந்தால், தரையைத் தொட வேண்டும் என்ற அவசரம் தானாக வரும். மூக்கை அழுத்தத் தோன்றும். அதற்கு மருந்து ஒன்றுதான்: முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் சக்கரம் படியவில்லை என்றால் யோசிக்காமல் எஞ்சின் விசையைக் கூட்டும் திராட்டிலைத் தள்ளி மேலே போய்விட வேண்டும். முடிவைத் தரையிலேயே, கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மேலே போய் யோசிக்கலாம் என்றால் மேலே யோசிக்க நேரம் இருக்காது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது என் மாமனார் ஞாபகம் வராமல் இருக்காது. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க வந்திருந்தபோது ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை அவரை மெக்ஸுக்குக் கூட்டிப்போனேன். பால்வாக்கியில் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரிவெட்டுகளைத் தடவிப் பார்த்தார். ஏறுவதற்கு முன் எஞ்சின் மூடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இது ஒத்தை எஞ்சின்தானே மாப்பிள்ளை? வழியில நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

வாழ்நாள் முழுக்க எஞ்சினோடு இருந்தவரிடம் 'அதெல்லாம் நிற்காது மாமா' என்று சொல்ல முடியாது. கணக்கைச் சொன்னேன். எஞ்சின் நின்றாலும் 172 மிதந்துகொண்டு போகும். காற்று இல்லாத நாளில் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை நாட்டிகல் மைல். நாம் ஏரிக்கு மேல் 1,400 அடியில் இருப்போம், ஆக இரண்டு மைல் கிடைக்கும். எதிர்காற்று இருந்தால் இன்னும் குறையும். அதனால் கரையிலிருந்து அரை மைலுக்கு மேல் விலக மாட்டேன். எஞ்சின் நின்ற உடனே கரைப்பக்கம் திருப்புவேன். கடற்கரை மணலில் ஆள் கூட்டம் இருந்தால் மணலில் இறக்க மாட்டேன், கரையை ஒட்டி ஆழமில்லாத தண்ணீரில் இறக்குவேன்.

"அப்ப கரையை விடாம போங்க" என்றார். அவ்வளவுதான், ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு நான் சொன்னதைத்தான் ஏரிக்கு மேல் பறக்கும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்காருபவருக்குச் சொல்ல வேண்டும். உயிர்காக்கும் ஜாக்கெட் பைக்குள் இருந்தால் பயன் இல்லை, மாட்டிக்கொண்டுதான் பறக்க வேண்டும். கேபினுக்குள் அதை ஊதக் கூடாது. ஊதினால் கதவு வழியாக வெளியே வர முடியாமல் கூரையில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள். தண்ணீரில் படுவதற்கு முன்பே கதவின் தாழ்ப்பாளைத் திறந்து, சந்தில் ஒரு துணியையோ செருப்பையோ செருகிவிட வேண்டும். மோதலில் கதவின் சட்டகம் நெளிந்தால் கதவு திறக்காது. அப்புறம் தண்ணீரின் குளிர். வெளியே நல்ல வெயில் அடிக்கும் ஏப்ரல், மே மாதத்திலும் மிச்சிகன் ஏரி உறையவைக்கும். நீச்சல் தெரியும் என்பது அங்கே பெரிய ஆறுதல் இல்லை. கை கால் சில நிமிடங்களிலேயே சொன்னபடி கேட்காது. கரைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

மாமா வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கி நிறுத்தியதும் முதல் வேலையாக எண்ணெய் அளவுகோலை எடுத்துக் காட்டச் சொன்னார். கைக்குட்டையில் துடைத்து, விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்காங்க" என்றார். விமானத்தைப் பராமரிப்பவருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் யாரும் தர முடியாது. பிறகு கோளரங்கத்துக்கு நடந்தோம். அதன் படிக்கட்டில் உட்கார்ந்து, என் மனைவி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தையும் மாவடுவையும் சாப்பிட்டோம். எதிரே முழு நகரமும் வரிசையாக நிற்கிறது. பின்னால் ஒரு விமானம் ஓடி எழும்பும் சத்தம். எத்தனையோ நாடுகளில் எத்தனையோ நிலையங்களில் இறங்கியவர்களிடம் கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வாய்த்ததாக யாரும் சொன்னதில்லை.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே ஓடுபாதை, வடக்கு தெற்கு. மேற்கிலிருந்து அடித்தால் முழுக்கப் பக்கக் காற்று. அதுவும் அரங்கத்தையும் அருங்காட்சியகங்களையும் சுற்றி உடைந்து வருவதால், தரைக்கு ஐம்பது அடி மேலே இருக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். 172இன் கையேட்டில் 15 நாட் பக்கக் காற்று வரை காட்டியிருக்கிறார்கள். அது விமானம் தாங்கிய கணக்கு, நீங்கள் தாங்கும் கணக்கு வேறு. உங்கள் எண்ணை நீங்களே நல்ல நாளில் இன்ஸ்ட்ரக்டரோடு போய்க் கண்டுபிடித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வசந்த காலத்தில் ஏரிக்காற்று வரும். மதியம் வரை தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பாக அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும், சில நிமிடங்களில் திசை மாறிவிடும். டவரில் இருப்பவர்கள் இறங்கும் திசையைத் திருப்பிப் போடுவார்கள். பக்கத்தில் வந்துவிட்ட விமானங்கள் எல்லாம் வரிசை மாற வேண்டும். ஏரி மூடுபனியும் அப்படித்தான். பால்வாக்கியில் வெயில் அடிக்கும், ஏரிக்கரையில் எதிரே இருப்பது தெரியாது. நீர்நிலை ஒட்டிய நிலையத்துக்குப் போகும்போது, பத்து மைல் உள்ளே இருக்கும் நிலையத்தின் வானிலையை நம்பிக் கிளம்பாதீர்கள். திரும்பிப் போக எரிபொருளும், இறங்க மாற்று நிலையமும் கையில் இருக்கட்டும். எங்களுக்குப் பக்கத்து மாநிலமான இண்டியானாவின் கேரி நிலையம் இருந்தது. ஈரமான காற்றில் கார்புரேட்டருக்குள் பனி பிடிப்பதும் அங்கே சகஜம். கோடையில் பனி பிடிக்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இரவில் மெக்ஸிலிருந்து கிளம்புவது தனிக் கலை. வடக்கு நோக்கி ஏறும்போது இடது ஜன்னல் முழுக்க விளக்கு. வலது ஜன்னலில் ஒன்றுமே இல்லை. நட்சத்திரமும் தண்ணீரும் ஒட்டிப்போய், அடிவானம் எங்கே என்று தெரியாது. கண் விளக்கு வரிசையையே அடிவானமாக எடுத்துக்கொள்ளும், உடம்பு சாய்ந்திருப்பதாக நம்பிக் கை தானாகத் திருத்தப் பார்க்கும். சக்கரம் தரையை விட்டதுமே கண்ணை உள்ளே கொண்டுவந்து, செயற்கை அடிவானக் கருவியை நம்பி, ஆயிரம் அடி ஏறும்வரை வெளியே பார்க்காமல் இருப்பதுதான் சரி. கடலோர நிலையம் எதிலிருந்து இரவில் கிளம்பினாலும் இதே கதைதான். கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கப் பயிற்சி இல்லாதவர்கள், நிலா இல்லாத இரவில் தண்ணீர்ப் பக்கம் திரும்ப வேண்டாம்.

மெக்ஸ் பொழுதுபோக்குக்காரர்களின் இடம் மட்டும் இல்லை. மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து அதிகாரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் அங்கேதான் வந்து இறங்குவார்கள். மக்கார்மிக் பிளேஸ் கண்காட்சிகளுக்கு வரும் வியாபாரிகள், மருத்துவ விமானங்கள் எல்லாம் உண்டு. 1992இல் யுனைடெட் நிறுவனம் ஓய்வு கொடுத்த ஒரு போயிங் 727 அந்தச் சின்ன ஓடுபாதையிலேயே வந்து இறங்கியது. பிறகு அதைப் படகில் ஏற்றி அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே மேல்மாடத்தில் நிற்கிறது. சிகாகோ போனால் பாருங்கள். அவ்வளவு பெரிய உடம்பை 3,900 அடிக்குள் நிறுத்தியவர்களின் கைத்திறன் புரியும்.

எனக்கு எல்லாவற்றையும்விட மனத்தில் நிற்பது குழந்தைகள்தான். இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின விமானிகளான டஸ்கீகி ஏர்மென்னின் பெயரில் இயங்கும் சங்கத்தின் சிகாகோ கிளை, நகரத்துப் பிள்ளைகளை மெக்ஸிலிருந்து இலவசமாகப் பறக்கக் கூட்டிப்போகும். பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைகள், வாழ்க்கையில் முதல் தடவை தங்கள் தெருவை மேலிருந்து பார்ப்பார்கள். இறங்கியதும் கையில் சான்றிதழோடு ஓடி வந்து அம்மாவிடம் காட்டும் முகங்களைப் பார்த்திருக்கிறேன். புறநகர் நிலையத்தில் இதைச் செய்யலாம்தான். ஆனால் கார் இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கே எப்படி வரும்?

இனி மூடிய கதை. நிலம் சிகாகோ பூங்கா மாவட்டத்துடையது. நிலையத்தை நடத்தியது நகர நிர்வாகம், குத்தகைக்கு எடுத்து. அங்கே பூங்கா வர வேண்டும் என்பது மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் விருப்பம். 1996 செப்டம்பரில் குத்தகை முடிந்ததும் நிலையத்தை மூடினார்கள். மாநில அரசு தலையிட்டதால் 1997 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தோடு. 2001இல் மேயரும் ஆளுநர் ஜார்ஜ் ரையனும் ஓஹேர் விரிவாக்கத்தோடு சேர்த்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மெக்ஸ் 2026 வரை இருக்கும் என்றார்கள். நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் அதற்கான கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறவில்லை.

2003 மார்ச் 30, ஞாயிறு இரவு. நடுநிசியை ஒட்டி, போலீஸ் காவலோடு புல்டோசர்கள் உள்ளே போயின. ஓடுபாதையின் நடுவில் பெரிய பெரிய எக்ஸ் வடிவத்தில் தோண்டிப் போட்டன. அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்ஏஏவுக்கு முன்னறிவிப்பு இல்லை. நிறுத்தியிருந்த 16 விமானங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. நகர மையத்துக்குத் தாக்குதல் அபாயம், பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று மறுநாள் மேயர் சொன்னார். திங்கள் காலை, என்னோடு பறக்கும் நண்பர் எனக்கு போன் செய்தார். "டிவியைப் போடுங்க" என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிடித்து இறங்கும் புள்ளியைத் தாண்டிச் சற்று தூரத்தில் மண் கிளறிக் கிடந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பூங்கா வேண்டும் என்பது நியாயமான ஆசை. பர்னம் வரைந்ததும் பூங்காதான். பகலில், சபையில், எல்லோருக்கும் முன்னால் அதைச் செய்திருக்கலாம்.

மாட்டிக்கொண்ட விமானங்கள் பின்னர் ஓடுபாதைக்குப் போய்வரும் 3,000 அடி டாக்ஸிவேயிலிருந்து அனுமதி பெற்றுக் கிளம்பிப் போயின. விமானம் சொந்தமாக வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனியுங்கள்: விமானத்தின் லாக் புத்தகங்கள், பராமரிப்புப் பதிவுகள் எதையும் விமானத்துக்குள் வைக்காதீர்கள். ஸ்கேன் செய்த பிரதி வீட்டில் இருக்கட்டும். வெள்ளம், தீ, பூட்டிய கேட் எதுவானாலும் விமானம் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் இருக்கும் நாள் வரலாம்.

முப்பது நாள் முன்னறிவிப்பு தராததற்கு எஃப்ஏஏ போட முடிந்த அபராதம் 33,000 டாலர், அவ்வளவுதான் உச்சவரம்பு. இடிக்கும் வேலைக்கு விமான நிலைய நிதியைப் பயன்படுத்தியதற்காக, 2006இல் செய்த சமரசத்தில் நகரம் 10 லட்சம் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. மெக்ஸுக்குப் பிறகு நாடாளுமன்றம் அந்த அபராதத்தை நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை என்று உயர்த்தியது. அது ஒன்றுதான் இந்தச் சண்டையில் மற்ற ஊர் நிலையங்களுக்குக் கிடைத்த கவசம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் பறப்பதைப் பற்றியது அல்ல, காகிதத்தைப் பற்றியது. நீங்கள் பறக்கும் நிலையத்தின் நிலம் யாருடையது? நிலையத்தை நடத்துபவரும் நிலத்தின் சொந்தக்காரரும் ஒருவரா? குத்தகை என்றைக்கு முடிகிறது? கடைசியாக எஃப்ஏஏ மானியம் வாங்கியது எந்த ஆண்டு? பொதுவாக வளர்ச்சி மானியம் வாங்கிய நிலையம் இருபது ஆண்டு திறந்திருக்கக் கடமைப்பட்டது. மானியத்தில் வாங்கிய நிலம் என்றால் கடமைக்குக் காலவரையறையே இல்லை. ஒரு நகர நிர்வாகம் திடீரென்று மானியமே வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால், ஓடுபாதைக்குத் தார் போடவில்லையே என்று மட்டும் வருத்தப்படாதீர்கள். கடமை முடியும் ஆண்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இவை எல்லாம் பொது ஆவணங்கள், கேட்டால் தருவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது காகிதத்தைவிடக் கஷ்டம். பறக்காதவர்களிடம் பேச வேண்டும். மெக்ஸ் பணக்காரர்களின் விளையாட்டு மைதானம் என்றுதான் சிகாகோவில் பெரும்பாலானோர் நினைத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கதையும் மருத்துவ விமானங்களின் கதையும் அவர்கள் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மெக்ஸ் ஃபீல்ட் என்ற அமைப்பு உயிரைக் கொடுத்துப் போராடியது, ஆனால் பேச்சு பெரும்பாலும் விமானிகளுக்குள்ளேயே சுற்றியது. உங்கள் நிலையத்தில் ஆண்டுக்கு ஒரு நாளாவது கேட்டைத் திறந்து, சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் உள்ளே கூப்பிடுங்கள். காப்பி கொடுங்கள். சத்தம் பற்றிப் புகார் சொன்னவரை முதலில் கூப்பிடுங்கள்.

இப்போது நார்தர்லி ஐலண்ட் பூங்காதான். 2005இல் கச்சேரி அரங்கம் வந்தது, 2015இல் தெற்குப் பகுதியில் குளமும் புல்வெளியும் நடைபாதையுமாகத் திறந்தார்கள். பழைய டெர்மினல் கட்டடம் பூங்காவின் கட்டடமாக நிற்கிறது. பறவைகள் நிறைய வருகின்றன. அழகான இடம், போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளோடு போங்கள், இங்கே விமானம் இறங்கியது என்று மட்டும் சொல்லுங்கள். டஸ்கீகி கிளை பிள்ளைகளைப் பறக்கவைக்கும் வேலையைக் கேரிக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்து செய்தது.

ஏரிக்கரை நகரத்தில் நேராக இறங்கும் அனுபவம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. டொரண்டோவில் இருப்பவர்களுக்கு பில்லி பிஷப் கூப்பிடு தூரத்தில். அதன் ஆயுளும் 1983இல் நகரம், மத்திய அரசு, துறைமுக அமைப்பு மூன்றும் போட்ட முத்தரப்பு ஒப்பந்தத்தில்தான் தொங்குகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். க்ளீவ்லாண்டில் ஈரி ஏரிக்கரையில் பர்க் லேக்ஃப்ரன்ட் இருக்கிறது, 1947இல் திறந்தது. அதை மூடிவிடலாம் என்ற பேச்சை நகர நிர்வாகமே நடத்தி வருகிறது. போக நினைத்தால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்திலேயே பிரவுன்ஸ் அணியின் கால்பந்து அரங்கம் இருப்பதால், ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை அரங்கத்தைச் சுற்றி மூன்று மைலுக்குப் பறக்கத் தடை இருக்கும். டவர் அனுமதியோடுதான் உள்ளே போக முடியும். ஆட்ட நாட்களைப் பார்த்துவிட்டு, விமானிகளுக்கான அறிவிப்பான நோட்டாமைப் படித்துவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.